ஆளில்லா அடுப்பு

அடுப்பில் ஒன்றை ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் அது உடம்பில் ஊறிக் கிடக்கிறது. தெருமுனை வரை போய்விட்டு, கேஸை அணைத்தோமா இல்லையா என்று திரும்பி வந்து பூட்டைத் திறந்து பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. பால் வைத்தால் பக்கத்தில் நிற்க வேண்டும்; பருப்பு வைத்தால் ஒரு காதை விசிலுக்குக் கொடுத்துவிட வேண்டும்; வற்றல் குழம்பு கொதிக்கும்போது போன் பேசப் போனால் அடிபிடிக்கும். ஸ்லோ குக்கர் என்கிற மின்சாரப் பானை முதலில் உடைப்பது இந்த விதியைத்தான். காலையில் கறி, கிழங்கு, வெங்காயம், மசாலா எல்லாவற்றையும் உள்ளே போட்டுக் கண்ணாடி மூடியால் மூடி, குமிழைத் திருப்பிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடலாம். எட்டு மணி நேரம் கழித்து வந்தால் குழம்பு தயார். சாப்பிட்டவர்கள் மெச்சுகிறார்கள். நானும் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. இருந்தும் அந்தப் பானையை நினைக்கிறபோதெல்லாம் மனசுக்குள் ஏதோ இடறுகிறது. ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லாததால் இந்த இடறல் ருசியைப் பற்றியதாக இருக்க முடியாது. வேறென்ன என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நியூ ஜெர்சியில் என் தங்கை வீட்டில் மாலை நேரத்தில் கதவைத் திறந்தால் மணம் வாசலிலேயே காத்திருக்கும். பகல் முழுக்க ஆளில்லாத வீடு அது. ஹீட்டரைக் குறைத்துவைத்துவிட்டுப் போனதில் தரை சில்லிட்டிருக்கும். ஆனால் கூடத்திலிருந்து மாடிப்படி வரைக்கும் பட்டையும் சோம்பும் வெந்த கோழியும் மணக்கும். குழம்பு மணந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பழகிய மூக்கு என்னுடையது. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைக்கு அந்த மணம்தான் முதல் சேதி. இங்கே சேதி இருக்கிறது, அனுப்பியவரைக் காணோம். “பாத்தியாக்கா, நான் ஒண்ணுமே பண்ணலை. அதுவே பண்ணிடுச்சு” என்று தங்கை கோட்டைக் கழற்றிக்கொண்டே சொல்லுவாள். முந்தின இரவு பத்தரை மணிக்கு அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். கோழித்தொடையின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். வெங்காயத்தை அரிந்து ஒரு டப்பாவில், இஞ்சி பூண்டு விழுதை இன்னொரு டப்பாவில், மசாலாவை ஒரு கிண்ணத்தில் என்று தனித்தனியாக ஃபிரிட்ஜில் அடுக்கினாள். பீங்கான் பானையோடு அப்படியே குளிரில் வைத்து எடுத்துக் காலையில் சூடேற்றினால் அது விரிசல் விடும் என்பதால் இத்தனை டப்பா. காலையில் எழுந்து, பிள்ளைகளைக் கிளப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பானைக்குள் சேர்த்தாள். அன்று ராத்திரி அந்தக் கனத்த பானையைச் சிங்க்கில் சாய்த்து, குழம்பு மட்டத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பழுப்பு வளையத்தைத் தேய்த்துக் கழுவியதும் அவள்தான். சாப்பிடும்போது அவள் வீட்டுக்காரர் நல்ல மனசோடு சொன்னார்: “இப்பல்லாம் சமையல்ல என்ன கஷ்டம் இருக்கு, எல்லாம் மெஷினே பாத்துக்குதே.” யாரும் மறுக்கவில்லை. தங்கைகூட.

உறுத்தலின் ஒரு நுனி இங்கே கிடைத்தது என்று அப்போது நினைத்தேன். வேலை அப்படியே இருக்கிறது. எல்லோரும் தூங்கப் போன பிறகும் எல்லோரும் எழுவதற்கு முன்பும் அது நடக்கிறது. ஆகவே கண்ணில் படுவதில்லை. அடுப்பு முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்கிறவளிடம் ‘ஒண்ணுமே பண்ணலையே’ என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. ஆனால் இந்த விளக்கம் எனக்கே முழுசாகத் திருப்தி தரவில்லை. வாஷிங் மெஷினுக்கும் மிக்சிக்கும் இதே வாதத்தை நீட்டலாம். அவற்றின் மேல் எனக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. ஆட்டுக்கல்லைத் திரும்பக் கொண்டுவா என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நானாகத்தான் இருக்கும்.

பானையின் அமைப்பில் மர்மம் ஒன்றும் இல்லை. வெளியே ஓர் உலோக உறை. அதன் பக்கச் சுவருக்குள் சுற்றிப் போகிற சூட்டுக் கம்பி. உள்ளே மெருகிட்ட தடித்த பீங்கான் பானை. மேலே கண்ணாடி மூடி. குறைந்த நிலையில் பழைய குண்டு பல்பு ஒன்றோ இரண்டோ எரிகிற அளவுக்குத்தான் மின்சாரம் இழுக்கும். ‘லோ’, ‘ஹை’ என்று இரண்டு நிலைகள் இருப்பதைப் பார்த்தால் ஒன்றில் சூடு கம்மி, மற்றதில் அதிகம் என்று தோன்றும். பெரும்பாலான பானைகளில் இரண்டும் கடைசியில் போய்ச் சேர்வது ஒரே இடத்துக்குத்தான்: கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 98 டிகிரி செல்சியஸ். போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் வேறு. அந்த நீண்ட நேரத்தில்தான் வித்தை இருக்கிறது. ஆட்டுக்காலிலும் மாட்டின் கெண்டைச் சதையிலும் இருக்கும் ஜவ்வு 70 டிகிரிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, மணிக்கணக்கில் கரைந்து, உதட்டில் ஒட்டுகிற பிசுபிசுப்பாகச் சாற்றில் இறங்குகிறது. பெருந்தீயில் அவசரப்படுத்தினால் சதை முறுக்கிக்கொள்ளும். அதனால் கசாப்புக்கடையில் மலிவாகக் கிடைக்கிற, நரம்பும் ஜவ்வுமான துண்டுகளே இந்தப் பானைக்குப் பிரமாதமாக ஒத்துவரும். இதில் பாயா வைத்துச் சாப்பிட்டவர்கள் பிறகு என்னைப் போல் சந்தேகம் பேச மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரே ஒரு கட்டளைதான்: மூடியைத் திறக்காதே. உள்ளிருந்து எழும் ஆவி கண்ணாடியில் முட்டி, முத்து முத்தாகத் திரண்டு, ஓரத்துக்கு வழிந்து, மூடிக்கும் பானைக்கும் நடுவே ஒரு நீர்வளையமாக நின்று அடைக்கிறது. திறந்தால் அது உடையும். ஒரு தடவை திறந்தால் இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க 20, 30 நிமிடம் ஆகும் என்று செய்முறைக் கையேடுகளே சொல்கின்றன.

திறக்கக் கூடாது என்றால் உப்புப் பார்க்கக் கூடாது என்று அர்த்தம். எனக்கு இந்த இடத்தில்தான் கால் தடுக்குகிறது. நம் சமையலில் கரண்டிக் காம்பிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற அந்தக் கணத்தில்தான் குழம்பு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அதோடு நம்முடையது வரிசை பார்க்கிற சமையல். சாம்பாருக்குப் பருப்பு வெந்த பிறகுதான் புளி. முதலிலேயே புளியைக் கரைத்து ஊற்றினால் பருப்பு விறைத்துக்கொண்டு வேகாது. காய் முக்கால் பதம் வந்த பிறகு பொடி. பச்சை வாசனை போன பிறகு வெல்லம். இறக்கும்போது தாளிப்பு. ஒவ்வொரு படியும் முந்தின படியைப் பார்த்துவிட்டுத்தான் வர முடியும். ஸ்லோ குக்கரோ வரிசையைக் கலைத்துவிட்டு எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே வாருங்கள் என்கிறது. நீர் ஆவியாகிப் போவதில்லை, ஆகவே எதுவும் சுண்டாது. சுண்டாத வற்றல் குழம்பை என்னவென்று சொல்ல? மீனைப் போட்டால் நாலு மணி நேரத்தில் முள் மட்டும் அடையாளம் சொல்லும். கடுகு வெடிக்க அங்கே சூடு போதாது. வெங்காயம் சிவக்காது, வெளுத்துத் துவளும். தாளிப்பதற்கு வேறொரு அடுப்பைத்தான் பற்றவைக்க வேண்டும். தங்கை அதைத்தான் செய்கிறாள். ஆபீசிலிருந்து வந்து கோட்டைக் கழற்றிய கையோடு சின்ன வாணலியில் எண்ணெய் விட்டுக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிறாள். அந்தச் ‘சொய்ங்’ கேட்ட பிறகுதான் அது தன் குழம்பு மாதிரி இருக்கிறதாம்.

இந்தப் பானையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் அது லிதுவேனியாவின் வில்னா நகரத்து ரொட்டிக்கடை வாசலில் போய் நிற்கிறது. யூதர்களின் ஓய்வுநாளான சப்பாத், வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதில் தொடங்கிச் சனிக்கிழமை இருட்டும் வரை நீள்வது. அப்போது செய்யக் கூடாத வேலைகள் என்று மரபில் 39 வகை வகுத்திருக்கிறார்கள். தீ மூட்டுவதும் சமைப்பதும் அதில் அடக்கம். ஆனால் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிடவும் வேண்டும். குளிர்நாடு. அதனால் வெள்ளி மாலைக்குள்ளேயே பீன்ஸ், வாற்கோதுமை, உருளைக்கிழங்கு, கிடைத்தால் ஒரு துண்டு இறைச்சி எல்லாவற்றையும் பானையில் அடைத்து ரொட்டிக்கடைக்குத் தூக்கிப் போவார்கள். கடைக்காரர் அன்றைய வேலையை முடித்திருப்பார்; அடுப்பின் சுவர்களில் தேங்கிய சூடு மட்டும் மிச்சம். தெருவின் பானைகள் எல்லாம் அதற்குள் போகும். அடுப்பின் வாயை மூடிவிடுவார்கள். மறுநாள் தொழுகை முடித்து வருகிற வழியில் அவரவர் பானையை அவரவர் எடுத்துப்போவார்கள். சோலண்ட் என்று அதற்குப் பெயர். மொராக்கோ யூதர்களிடம் இதன் உறவுக்காரி தஃபினா. கராயர்கள் என்றொரு பிரிவினர் ஓய்வுநாளில் வீட்டில் நெருப்பே கூடாது என்று ஆறிய சாப்பாட்டைச் சாப்பிட்டதால், மற்றவர்களுக்குச் சூடான சோலண்ட் சாப்பிடுவதே ‘நாங்கள் அவர்கள் இல்லை’ என்று காட்டும் அடையாளமாகவும் ஆயிற்று. வேகிற பானையைக் கிளறுவதற்கும் தடை உண்டு. இங்கேயும் அடுப்புக்குப் பக்கத்தில் ஆளில்லை. ஆனால் அந்த ஆட்கள் எங்கும் ஓடவில்லை. வீட்டில் இருந்தார்கள், தொழுதார்கள், பேசினார்கள், தூங்கினார்கள். பானையை நிரப்பி அனுப்பிய பெண்ணுக்கும் அந்த ஒரு நாள் அடுப்படி கிடையாது.

இதை மின்சாரப் பானையாக்கிய இர்விங் நாக்சன் 1902இல் ஜெர்சி சிட்டியில் பிறந்த எஞ்சினியர். வில்னாவில் சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமைகளில் பானையை ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோன கதையை அவருடைய அம்மா அவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த அடுப்பை மின்சாரத்தில் செய்து பார்த்தால் என்ன என்று மகனுக்குத் தோன்றியது. 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940 ஜனவரியில் கிடைத்தது. பீன்ஸ் வேகவைக்கத்தானே என்று ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில் விற்றார். பெரிதாக ஓடவில்லை. 1970இல் கான்சஸ் சிட்டியின் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. மறு வருஷமே அதே பானை, கண்ணைப் பறிக்கிற எழுபதுகளின் பச்சையிலும் மஞ்சளிலும், ‘க்ராக்-பாட்’ என்ற புதுப்பெயரோடு சந்தைக்கு வந்தது. விலை 25 டாலர் வாக்கில். 1971இல் சுமார் 20 லட்சம் டாலராக இருந்த விற்பனை 1975இல் 9 கோடியே 30 லட்சத்தைத் தொட்டது. மேபல் ஹாஃப்மன் அதற்காக எழுதிய சமையல் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. சமைக்கிறவர் வெளியே போயிருக்க, நாள் முழுக்க அது சமைக்கும் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். அமெரிக்கக் குடும்பப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குக் கிளம்பிய காலம். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, கொஞ்ச மின்சாரத்தில் வேலை முடிகிற பொருளுக்குத் தனி மதிப்பு வேறு.

இந்த இரண்டு பானைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு எது இடறுகிறது என்று பிடிபட்டது. வாரத்தில் ஒரு நாளாவது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார வேண்டும் என்பதற்காக உண்டான ஏற்பாடு, வாரம் முழுக்க உட்கார நேரமில்லாதவளிடம் விற்கப்பட்டிருக்கிறது. சூடு அதே சூடு, பீன்ஸ் அதே பீன்ஸ். மிச்சமான எட்டு மணி நேரம் மட்டும் கைமாறிவிட்டது. வில்னாவில் அது அவளுடையது. இங்கே அது ஆபீசினுடையது. விற்றவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. அவளுக்கு அந்தப் பானை வேண்டியிருந்தது, சம்பளமும் வேண்டியிருந்தது. ஆனால் வேலைக்குப் போகிறவளின் வீட்டில் சமையலை வேறு யாராவது எடுத்துக்கொள்வது பற்றிய சங்கடமான பேச்சை 25 டாலரில் தள்ளிப்போட முடிந்தது. அந்தப் பேச்சு இன்றைக்கும் தள்ளித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இப்படி எழுதும்போதே இன்னொரு பயம் வருகிறது. பக்கத்தில் நின்று சமைப்பதை நான் ஏதோ புனிதமாக்குகிறேனோ? விறகுப் புகையில் கண் எரிந்தவர்களுக்கு அது புனிதமாக இருந்திருக்காது. தள்ளி நிற்க வழி கிடைத்த இடத்திலெல்லாம் நம் பெண்களும் தள்ளித்தான் நின்றார்கள். மரத்தூள் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பக்கவாட்டில் அடிப்பக்கமாக ஓட்டை போட்ட தகர டப்பா. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு உருட்டுக் கட்டையை அதைத் தொடும்படி செருகி, சுற்றிலும் மரத்தூளைக் கொட்டிக் கொட்டி முஷ்டியால் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சுழற்றி உருவ வேண்டும். சரிந்தால் முதலிலிருந்து. சரியாக அமைந்துவிட்டால் ஊதவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். மணிக்கணக்கில் நின்று எரியும். அதன் மேல் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையோ, குளிக்க வெந்நீரோ, மொச்சையோ வைத்துவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போவார்கள். இன்னொரு வேலைக்குத்தான் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

ஆண்களும் இப்படி ஒரு பானையைத் தேடியிருக்கிறார்கள். கல்கத்தாவில் 1910இல் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் இக்மிக் குக்கர் என்று ஒன்றை உண்டாக்கினார். பெரிய உருளைக்குள் டிபன் கேரியர் போல அடுக்குகள், அடியில் கரித்தணல், நடுவே நீராவி. அரிசி, பருப்பு, கறி மூன்றையும் மூன்று அடுக்கில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது முழுச் சாப்பாடு. பூரி ஜகந்நாதர் கோயிலில் பானை மேல் பானை அடுக்கிச் சமைப்பதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். நம் பக்கத்து ருக்மணி குக்கரும் ஏறக்குறைய இதே சாயல்தான். தனியறையில் தங்கி ஆபீசுக்குப் போன பிரம்மச்சாரிகள் அதைக் கொண்டாடினார்கள். அவர்களுக்கு அடுப்புப் பக்கம் நிற்க ஆள் இல்லை என்பது ஒரு குறை. பானை அந்தக் குறையைத் தீர்த்தது. க்ராக்-பாட் வாங்கிய பெண்ணுக்கோ தான் அங்கே நிற்கவில்லையே என்பது ஒரு குற்றவுணர்ச்சி. பானை அதைத் தீர்த்தது. மூன்றடுக்கில் வெந்த சோற்றை அள்ளிச் சாப்பிட்ட குமாஸ்தா, ‘நான் ஒண்ணுமே பண்ணலை’ என்று யாரிடமும் கூச்சத்தோடு சொல்லியிருக்க மாட்டார். எவ்வளவு சாமர்த்தியமாகப் பண்ணினேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

நம் ஊரில் ஸ்லோ குக்கர் ஏன் அவ்வளவாகப் பரவவில்லை என்பதற்குப் பிரஷர் குக்கர் ஒரு காரணம். நமக்கு அவசரத்தைத் தீர்க்க அவசரமே போதும் என்று முடிவாகிவிட்டது. மின்சாரம் இன்னொரு காரணம். அமெரிக்காவிலிருந்து யாராவது ஆசையாகத் தூக்கி வந்தாலும் அது 120 வோல்ட் பானை, இங்கே 230. வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் அன்றோடு சரி. 2012 வாக்கில் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் நாளின் பாதியை மின்வெட்டு தின்றுகொண்டிருந்தபோது, எட்டு மணி நேரம் தடங்காமல் மின்சாரம் வரும் என்று நம்பிக் கறியைப் பானையில் விட்டுவிட்டுப் போகிற துணிச்சல் யாருக்கும் வந்திருக்காது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் நெடுநேரம் கிடந்தால் இறைச்சியில் கிருமி பெருகும். ஆளில்லாதபோது மின்சாரம் போய்த் திரும்பி வந்திருந்தால், வெந்த மாதிரித் தெரிந்தாலும் கொட்டிவிடச் சொல்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. எப்போது போனது, எவ்வளவு நேரம் போனது என்று பார்த்துச் சொல்லத்தான் வீட்டில் யாரும் இல்லையே.

கடைசியாக ஒரு சங்கதி. பீன்ஸுக்காகவே பிறந்து, பீன்ஸின் பெயரையே தாங்கி வந்த இந்தப் பானை, ஒரு பீன்ஸிடம் மட்டும் தோற்றுப்போகிறது. ராஜ்மா என்று நாம் வாங்குகிற சிவப்புப் பயற்றில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற லெக்டின் நச்சு இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து மணிகளே வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் கொண்டுபோய் விடும். ஸ்லோ குக்கரில் பயறு வெகுநேரம் மிதமான சூட்டில் கிடப்பதால் நச்சு அழியாமல் நிற்கக்கூடும். 80 டிகிரி வாக்கில் அரைகுறையாகச் சூடானால் பச்சைப் பயறைவிட மோசமாகிவிடவும் கூடும். ஆகவே இந்தப் பானை வைத்திருப்பவர்கள் ராஜ்மாவைக் குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் சாதாரண அடுப்பில் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே உள்ளே போடுங்கள். 10 நிமிடம் போதும் என்பவர்கள் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது. 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் அடுப்பைவிட்டு நகரக் கூடாது. யார் நிற்பது என்பதை முந்தின இரவே வீட்டில் எல்லாருமாகப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.